அப்பா வராத கிறிஸ்துமஸ் வேண்டாம் என்கிறாள் மகள்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 11 வயது, அடுத்தவனுக்கு 7, கடைக்குட்டிக்கு 4. போன டிசம்பரில் இலங்கை நேவிக்காரர்கள் அவரைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்துவிட்டு ஜனவரி கடைசியில்தான் வீடு வந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார்கூடக் கட்டவில்லை. இந்த வருடமாவது பிள்ளைகளோடு நல்லபடியாக ஏதாவது செய்யலாம் என்று செல்போனில் தேடினேன். 24 பெட்டி வைத்து தினம் ஒரு பரிசு, பிஸ்கட்டில் வீடு, பஞ்சில் பனி என்று என்னென்னவோ காட்டுகிறார்கள். அதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது? மாமியார், பூசைக்குப் போனால் போதாதா என்கிறார். மூத்தவளோ, "குடிலும் வேணாம், ஸ்டாரும் வேணாம், அப்பா கடலுக்குப் போகாம இருந்தாப் போதும்" என்கிறாள். கிறிஸ்துமஸ், தவக்காலம், ஈஸ்டர் என்று வருடம் முழுக்க வீட்டில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்? மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மகள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம். அவள் பண்டிகையை வெறுக்கவில்லை, சாமியையும் வெறுக்கவில்லை. போன வருடம் ஊரெல்லாம் ஸ்டார் எரிந்த நேரத்தில் அவள் வீடு இருட்டாக இருந்தது. ஸ்டார் வெளிச்சத்தைப் பார்த்தால் அந்த இருட்டு அவளுக்கு ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான். "இந்த வருஷம் அப்பா இருக்காரே, சந்தோஷமா இரு" என்று சொன்னால், தன் பயம் யாருக்கும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிவிடுவாள். அதற்குப் பதிலாக, "போன வருஷம் எனக்கும் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரு தடவை சொல்லுங்கள். அம்மாவும் பயந்தாள் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கும்.

கடலோரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. அதில் ஒரு பையனை மறக்க முடியாது. அப்பா பிடிபட்ட பிறகு மூன்று மாதம் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "அன்னைக்கு ராத்திரி ஜெபமாலையில நான் தூங்கிட்டேன்." தான் தூங்கியதால்தான் அப்பாவைப் பிடித்தார்கள் என்று அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். பிள்ளைகள் மனது அப்படித்தான் கணக்குப் போடும். அதனால் இனி நான் சொல்கிற எதைச் செய்தாலும் இதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: நாம் இதைச் சரியாகச் செய்தால் அப்பா பத்திரமாக வருவார், தப்பினால் ஏதாவது ஆகிவிடும் என்பதெல்லாம் கிடையாது. அப்பாவை நினைத்துக்கொண்டே காத்திருக்கத்தான் இதைச் செய்கிறோம்.

காத்திருப்பது என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலம் என்பதே காத்திருக்கும் காலம்தான். நவம்பர் 30 அந்திரேயா திருநாளை ஒட்டி வரும் ஞாயிறன்று அது தொடங்கும். அந்திரேயாவும் வலை வீசியவர், பேதுருவின் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர். இப்படிப்பட்ட ஆட்களோடு தொடங்கும் காலத்துக்குப் பரிசுப் பெட்டி எதற்கு?

அந்த 24 பெட்டியை விட்டுவிடுங்கள். பெட்டி தினமும் ஒரு பரிசைக் கொடுக்கும்போது பிள்ளை காத்திருக்கவே வேண்டாமே. அதற்குப் பதில் ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பருத்திக் கயிறு எடுத்து, அதில் 24 முடிச்சு போட்டு, மாதா படத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள். முடிச்சு கொள்ளாவிட்டால் இன்னொரு துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பர் 1 முதல், ராத்திரி ஜெபம் முடிந்ததும் தினம் ஒரு முடிச்சை ஒரு பிள்ளை அவிழ்க்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கு "இன்னும் பதினெட்டு நாள்" என்றால் ஒன்றும் விளங்காது. கயிற்றைத் தொட்டுப் பார்த்து, மிச்சம் இவ்வளவு முடிச்சு என்றால் விளங்கும்.

இதில் உங்கள் வீட்டுக்கென்றே ஒரு மாற்றம் சொல்கிறேன். உங்கள் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துப் போய் மறுநாள் கரை வருகின்றன. அவர் கடலில் இருக்கும் ராத்திரி யாரும் முடிச்சை அவிழ்க்க வேண்டாம். அந்த முடிச்சு அப்பாவுடையது. மறுநாள் அவர் வந்து, குளித்து, சாப்பிட உட்காரும் முன் அவரே அவிழ்க்கட்டும். மூத்தவள் அந்த ராத்திரிகளில் தூங்காமல் புரள்வாள் என்று நினைக்கிறேன். "அப்பா கண்டிப்பா வந்துருவாரு" என்று அவளிடம் சத்தியம் செய்யாதீர்கள். போன வருடமும் அப்படித்தானே சொல்லியிருப்பீர்கள். "காலையில வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு, அவரு முடிச்சு அங்க இருக்கு" என்று சொல்லுங்கள், அது உண்மை. டிசம்பரில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போக டோக்கன் கிடைக்காது, அவர் வீட்டில்தான் இருப்பார். அந்த நாட்களில் அவரே ஒரு முறை எடுத்துக்கொள்ளலாம். வருமானம் போகிற அந்த நாட்களில் வீட்டில் கடுகடுப்பு இருக்கும், எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஒரு முடிச்சு நேரமாவது காசுப் பேச்சு வேண்டாம்.

24ஆம் தேதி கயிறு நேராகிவிடும். அதே கயிற்றில் ஸ்டாரைக் கட்டித் தொங்கவிடுங்கள். மகள் அதுவரை ஸ்டார் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். கட்டுவதா இல்லையா என்பதை அன்றைக்கு அவளே சொல்லட்டும்.

அப்புறம் குடில். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். டிசம்பர் தொடங்கியதும் அம்மா ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு தூவித் தருவார். அது முளைத்துக் குடிலில் புல்லாக வேண்டும். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கொட்டாங்கச்சியைப் பார்க்க ஓடுவோம். சின்னத் தம்பி ஆசையில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவனுடையது அழுகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல், தன் பங்குக்கு விதைத்து வைத்திருந்த கொட்டாங்கச்சியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தத் தம்பிக்கு இப்போது 50 தாண்டிவிட்டது. இன்றைக்கும் டிசம்பர் 20 வாக்கில் போன் செய்து, "முளைச்சிருச்சாக்கா?" என்பான். எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் புது உடுப்பு எடுத்தார்கள், ஒன்றின் நிறம்கூட நினைவில் இல்லை.

நான் இத்தனை வருடத்தில் கண்டது இதுதான். பத்து விதமாகச் செய்து காட்டுவதைவிட, ஒரே வேலையை வருடாவருடம் அதே பிள்ளையிடம் கொடுப்பது நல்லது. கேழ்வரகு நடுவுள்ளவன் வேலை என்றால் எல்லா வருடமும் அது அவன் வேலை. குழந்தை இயேசுவை 24 ராத்திரி பூசை முடிந்து வந்து தொட்டிலில் வைப்பது கடைக்குட்டி வேலை. அதுவரை தொட்டில் காலியாக இருக்கட்டும், தினமும் எட்டிப் பார்க்கட்டும். மூத்தவள் ஒன்றும் வேண்டாம் என்கிறாளே, அவளை விட்டுவிடுங்கள். அவளுக்குரிய வேலையைக் கடைசியில் சொல்கிறேன்.

குடிலுக்குக் கடைச் சாமான் தேவையில்லை. பனை ஓலைக் கூரை, கடற்கரை மணல், கிழிந்து ஒதுக்கிய வலைத் துண்டு, சவுக்குக் கொப்பு போதும். பஞ்சில் பனி வைக்காதீர்கள். நம் பிள்ளைகள் பார்க்காத பனியைவிட, தினமும் மிதிக்கிற மணலில் இயேசு பிறப்பது நல்லது. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற சாதாரணச் சிப்பியைப் பொறுக்கலாம். ஆனால் பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை எதையும் அழகுக்காக எடுத்துவர விடாதீர்கள். அவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, அதிலும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை எடுத்தால் பெற்றவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களைக் குடிலில் சேர்த்து வைக்க வேண்டாம். கடல் பார்த்த ஜன்னலோ வாசல் திண்ணையோ, குடிலுக்கு எவ்வளவு தூரமோ அங்கே வையுங்கள். தினமும் ஒரு சாண் நகர்த்துங்கள். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் இன்னும் வழியில்தான் இருப்பார்கள். திருக்காட்சித் திருநாளுக்குத்தான், அதாவது ஜனவரி 6 வாக்கில், வந்து சேர்வார்கள். ராஜாக்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். அதற்காக யாரும் கதவைச் சாத்தவில்லை.

இதை எதற்காக இவ்வளவு சொல்கிறேன் என்றால், பண்டிகை ஒரே நாளோடு முடிந்துவிடுகிறது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 25ஆம் தேதி அப்பா இல்லையென்றால் எல்லாம் போய்விட்டது என்று ஆகிவிடுகிறது. திருச்சபை அப்படி வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரை ஓடும். பிப்ரவரி 2, குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் வரைக்கும் குடிலை எடுக்காமல் வைத்திருக்கும் பழைய வழக்கமும் உண்டு. போன வருடம் உங்கள் கணவர் ஜனவரி கடைசியில் வந்தார் என்றீர்கள். அன்றைக்கு வீட்டில் குடில் இருந்திருந்தால், அவர் கிறிஸ்துமஸுக்கு வந்ததாகவே பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, அந்த நிலையில் அடுப்பு மூட்டியதே பெரிது.

அந்தப் பிப்ரவரி 2 அப்பத்தாவுக்கு உரிய நாள். கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரித்துத் தருவார்கள். குழந்தையைக் கையில் வாங்கிய சிமியோனும், 84 வயது அன்னாவும் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்ற கதையை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பூசை போதும் என்கிற உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை. வீட்டில் நாம் செய்வது பூசைக்கு மாற்று கிடையாது, பூசையில் கேட்டதைக் கையில் எடுத்துப் பார்ப்பது. பொறுப்பைக் கொடுத்தால் அவரே உங்களுக்கு முன்னால் நிற்பார்.

தவக்காலத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம் என்றால் நம் வீட்டில் அன்றைக்கு மீன் குழம்பு. மீனையே தின்று வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு தவமாகத் தெரியாது. எது விட்டால் வலிக்குமோ அதை அவர்களே சொல்லட்டும், பெரும்பாலும் செல்போனாகத்தான் இருக்கும். பெரியவர்களும் கூடவே விட வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் சிலுவை மடிக்க அப்பத்தா கற்றுத்தருவார். அந்தச் சிலுவையை வருடம் முழுக்கக் கதவுக்கு மேல் செருகி வைத்து, தவக்காலம் தொடங்கும் அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் பழைய ஓலை கேட்கும்போது பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். தன் ஓலை எரிந்த சாம்பல்தான் தன் நெற்றியில் என்று தெரிந்தால் ஏழு வயதுப் பையன் நெற்றியைத் துடைக்க மாட்டான். பெரிய வியாழன் ராத்திரி ஒரு சட்டியில் வெந்நீர் வைத்துப் பிள்ளைகள் அப்பா காலைக் கழுவட்டும். உப்புத் தண்ணீரில் வெடித்த காலை அவர்கள் அதுவரை கையால் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு அவர் பிள்ளைகள் காலைக் கழுவட்டும்.

ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் பூச வேண்டாம். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் திரும்புகிறார்கள். கரையில் ஒருவர் நின்று, வலப்பக்கம் போடுங்கள் என்கிறார். 153 பெரிய மீன். கரைக்கு வந்து பார்த்தால் அவர் முன்னமே கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார், சாப்பிட வாருங்கள் என்கிறார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் நின்று தொழிலுக்குப் போய்வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு போட்ட கதை நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும். ஈஸ்டர் காலம் 50 நாள், அதில் ஏதாவது ஒரு விடியலில் குடும்பமாகக் கரைக்குப் போய் நாலு மீனைச் சுட்டு ரொட்டியோடு சாப்பிடுங்கள். நெருப்பு மூட்டுவது அப்பா, மீனைத் திருப்பிப் போடுவது மூத்தவள்.

அதற்கு நாள் பார்ப்பதும் எளிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, பள்ளிக்கூடமும் அநேகமாக லீவு. கையில் காசு இருக்காது, ஆனால் அப்பா இருப்பார். வெளியூர்க் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் லீவில் செய்வதை நாம் இந்த நாட்களில் செய்தால் என்ன? மே மாதம் மாதா வணக்க மாதம். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, பறித்த பூவை வைத்து ஜெபமாலை சொல்லலாம். ஓரியூருக்கு ஒருநாள் பஸ்ஸில் போய்வரலாம், நம் மாவட்டத்திலேயே இருக்கும் புனித இடம். அருளானந்தர் லிஸ்பனில் பிறந்து, இங்கே வந்து தமிழ் பேசி, இறைச்சி தொடாத துறவியாக வாழ்ந்தவர், 1693இல் அங்கே உயிரைக் கொடுத்தார். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு வெட்டுப்பட்ட கதையை விரித்துச் சொல்ல வேண்டாம், அதுவும் ராத்திரியில் கூடவே கூடாது. தமிழ் கற்ற கதையும் ஊர் ஊராக நடந்த கதையும் போதும். தனுஷ்கோடியில் இடிந்த கோயிலைப் பார்க்க டிசம்பரில் பிள்ளைகளைக் கூட்டிப்போவதையும் இந்த வருடம் தள்ளிப்போடுங்கள். 1964 டிசம்பர் புயலைக் கேட்டுவிட்டு வந்து அவள் எந்தக் காற்றுக்கும் தூங்க மாட்டாள். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவும் அப்படித்தான். அவளாகக் கேட்கிற வருடத்தில் கூட்டிப்போகலாம்.

தடைக்காலத்தின் கடைசியில் ஒரு அழகு இருக்கிறது. ஜூன் 13 அந்தோனியார் திருநாள், 14ஆம் தேதியோடு தடை முடிகிறது. படகைக் கழுவி, பெயின்ட் அடித்து, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கிற நேரம். பிள்ளைகளைப் படகில் ஏற்றுங்கள். மூத்தவளை முக்கியமாக. அப்பா எங்கே நிற்பார், எங்கே சாப்பிடுவார், வயர்லெஸ் எங்கே இருக்கிறது, லைஃப் ஜாக்கெட் எங்கே தொங்குகிறது என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். தெரியாத இடத்தை மனது இருட்டாகவே நினைத்துக்கொள்ளும். பார்த்த இடம் கொஞ்சம் தேவலை.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். கடலுக்குப் போகிற ராத்திரிகளில் தூக்கமே இல்லாமல் போவது, அடிக்கடி காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போக மறுப்பது, சாப்பாடு குறைவது, இவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள், ஜெபத்தோடு மட்டும் விட்டுவிடவும் வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்குப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். காய்ச்சலுக்குக் காட்டுவது போலத்தான் இதுவும்.

மூத்தவள் வேலையைச் சொல்கிறேன் என்றேன். ராஜாக்களை நகர்த்துவது அவள் வேலை. வேண்டாம் என்றால் சரி, அவை ஜன்னலிலேயே இருக்கட்டும், வேறு யாரும் தொட வேண்டாம். ஒருநாள் அவளாகவே ஒரு சாண் நகர்த்துவாள், அன்றைக்கு அதைப் பார்க்காதது போல இருந்துவிடுங்கள். கடைசி நாள், தொட்டிலுக்கு முன்னால் அவர்களை நிறுத்துவதை மட்டும் அவளும் அப்பாவும் சேர்ந்து செய்யட்டும்.

கயிற்றுக்கு முடிச்சுப் போடுவதை அவரிடமே கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போடட்டும். வலைக்குப் போடுகிற முடிச்சு வேண்டாம், அது அவிழாது. இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடச் சொல்லுங்கள், கடைக்குட்டி விரலுக்கும் வர வேண்டும்.